அரசாங்கச் செலவில் ஒரு கலகம்

1960களின் கடைசியில் பம்பாய் பெடர் ரோட்டில் இருந்த ஃபிலிம்ஸ் டிவிஷன் அலுவலகத்துக்குள்ளேயே ஒரு கலகம் நடந்தது என்று ஒரு கதை ரொம்ப நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. திரைப்பட விழாக்காரர்கள் சொல்வார்கள், கேட்லாக் எழுதுகிறவர்கள் சொல்வார்கள், பழைய படங்கள் இணையத்துக்கு வந்தபிறகு பார்த்துவிட்டுப் புல்லரித்துப்போனவர்களும் சொல்வார்கள். கதைச் சுருக்கம் இதுதான். அணைக்கட்டு, உருக்காலை, டிராக்டர் என்று கம்பீரக் குரலில் வளர்ச்சி பஜனை பாடிக்கொண்டிருந்த அரசு நிறுவனத்துக்குள் சில மேதைகள் நுழைந்தார்கள். அரசாங்கத்தின் காசில், அரசாங்கத்தின் கேமராவில், அரசாங்கத்தின் நம்பிக்கையையே கிண்டலடித்தார்கள். யாருக்கும் தெரியாமல்!

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் பாதி ஜல்லி.

படங்கள் மட்டமானவை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. எஸ்.என்.எஸ். சாஸ்திரியின் 'ஐ ஆம் ட்வென்டி' (1967), 'அண்ட் ஐ மேக் ஷார்ட் ஃபிலிம்ஸ்' (1968), சுக்தேவின் 'இந்தியா 67', பிரமோத் பதியின் 'எக்ஸ்ப்ளோரர்' (1968), 'ட்ரிப்' (1970), 'அபித்' (1972)... இவற்றைப் பார்க்காதவர்கள் முதலில் பார்த்துவிட்டு வரலாம். அந்தக் காலத்து வணிக சினிமாவில் இந்த வேகத்தில் ஒரு கட் கூடக் கிடையாது. கேள்வி வேறு. இந்தப் படங்கள் எதைப் பார்த்துச் சிரித்தன? எதைப் பார்த்துச் சிரிக்கவேயில்லை?

முதலில் கொஞ்சம் பின்னணி. ஃபிலிம்ஸ் டிவிஷன் 1948-ல் ஆரம்பிக்கப்பட்டது. தியேட்டர் லைசென்ஸ் வேண்டுமென்றால் மெயின் படத்துக்கு முன்னால் அரசு அங்கீகரித்த படத்தை ஓட்டியே தீரவேண்டும். ஓட்டியதற்கு தியேட்டர்காரரே வாடகையும் கட்டவேண்டும். (இந்தக் கட்டாயம் செல்லும் என்று 1999-ல் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.) ஜனங்கள் இதற்கு ஒரு எளிய வழி கண்டுபிடித்திருந்தார்கள். 'நியூஸ் ரீல்' முடிகிறவரை வெளியே நின்று பீடி குடித்துவிட்டு உள்ளே போவது. தமிழில் 'ரீல் விடுறான்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று மொழியியல்காரர்கள் சொல்லட்டும். ஆனால் அரசாங்க ரீலைப் பற்றி ஜனங்களுக்கு என்ன அபிப்பிராயம் என்பதில் சந்தேகம் எதுவும் இருந்ததில்லை. வளர்ச்சியின் மீதான முதல் விமர்சனமே தியேட்டர் வாசலில் டீக்கடையில்தான் எழுதப்பட்டது என்று சொன்னாலும் பெரிய தப்பில்லை.

யுனெஸ்கோவில் இருந்த ஜான் பவ்நகரி 1965-ல் மறுபடி ஃபிலிம்ஸ் டிவிஷனுக்கு வருகிறார். அப்போது தகவல் ஒலிபரப்பு அமைச்சர் இந்திரா காந்தி. பவ்நகரி வந்ததும் சாஸ்திரி, பதி, சுக்தேவ் போன்றவர்களுக்குக் கை அவிழ்த்துவிடப்படுகிறது. வர்ணனைக் குரலைத் தூக்கிவிடலாம், மக்களிடம் மைக்கை நீட்டலாம், ஃபிரேமை உடைக்கலாம். விழாக்காரர்களின் கதையில் இதெல்லாம் ஒரு தனிமனிதரின் அற்புதம். அந்த வருடங்களில் நாடு இருந்த நிலைமையைப் பார்த்தால் வேறு காரணமும் தெரியும். 1965-66லும் 66-67லும் வறட்சி. பீகாரில் பஞ்சம். அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்துச் சாப்பாடு. 1966 ஜூனில் ரூபாய் மதிப்புக் குறைப்பு. ஐந்தாண்டுத் திட்டமே நின்றுபோய், 1966 முதல் 69 வரை ஆண்டுத் திட்டங்களை வைத்து ஒப்பேற்றினார்கள். 1967 தேர்தலில் காங்கிரஸ் பல மாநிலங்களில் கவிழ்ந்தது. சென்னை மாநிலத்தில் அரிசி வாக்குறுதியோடு தி.மு.க. வந்தது.

ஆக, பழைய பஜனையை யாரும் நம்பாத காலம் அது. அரசாங்கத்துக்கே கூச்சமாக இருந்த காலம். அந்த நேரத்தில் 'நாங்களும் எங்களைக் கிண்டல் செய்துகொள்வோம்' என்று காட்டுவது துணிச்சல் இல்லை, சமயோசிதம். குக்கருக்கு விசில் வைப்பது குக்கர் வெடிக்கக்கூடாது என்பதற்காகத்தான்.

சரி, கிண்டல் என்ன என்று பார்ப்போம். சுக்தேவின் 'இந்தியா 67'-ல் வர்ணனை கிடையாது. படமும் சத்தமும் மட்டும். ஏழ்மையும் பணக்காரத்தனமும், பழசும் புதுசும் மாறி மாறி வந்து மோதும். சத்யஜித் ராய்க்கு இந்தப் படம் பிடித்தது. ஆனால் அந்த டமார் டமார் மோதல்களுக்காக இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஊர்ந்துபோகும் வண்டு, சைக்கிள் மேல் காலைத் தூக்கும் தெருநாய், மூக்கு நுனியில் தொங்கும் வியர்வைத் துளி என்று சின்னச் சின்ன விஷயங்களுக்காகத்தான் பிடித்ததாம். ராய் நாசூக்காகச் சொன்னதைக் கொஞ்சம் சத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த மோதல் உத்தியில்தான் பிரச்சினையே!

மாட்டுவண்டி, வெட்டு, விமானம். குடிசை, வெட்டு, மாடி வீடு. இந்த வெட்டு என்ன சொல்கிறது? வண்டி பின்தங்கிவிட்டது, விமானம் முன்னால் போய்விட்டது என்கிறது. அதாவது பாதை ஒன்றே. எல்லோரும் ஒரே திசையில் போகவேண்டும், சிலர் இன்னும் போய்ச்சேரவில்லை, அதனால் சிரிப்பு வருகிறது, கோபமும் வருகிறது. நல்லது. ஆனால் இது நம்பிக்கையைக் கிண்டல் செய்வது இல்லை. பஸ் லேட் என்று திட்டுகிறவன் பஸ்ஸையே வேண்டாம் என்றவன் ஆகிவிடுவானா? நேரத்துக்கு வந்தால் முதல் ஆளாக ஏறப்போகிறவனே அவன்தான். 'வளர்ச்சி இன்னும் எல்லோருக்கும் வரவில்லை' என்பது ஒரு புகார். 'இந்த வளர்ச்சிக்கு யார் தலையைக் கொடுத்தது' என்பது வேறு கேள்வி. முதலாவதை அமைச்சரே மேடையில் பேசுவார். இரண்டாவதைப் பேசினால்தான் மைக் ஆஃப் ஆகும்.

சாஸ்திரியின் 'ஐ ஆம் ட்வென்டி' இதைவிடக் கூர்மையான படம். 1947-ல் பிறந்தவர்களுக்கு இருபது வயது ஆனபோது அவர்களிடமே போய்ப் பேச்சுக் கொடுத்தார்கள். நாட்டின் மேல் தனக்கு அன்பெல்லாம் கிடையாது என்று ஒரு பையன் கேமராவைப் பார்த்தே சொல்கிறான். 1967-ல், அரசாங்கப் படத்தில்! இதைச் சேர்த்ததற்கு சாஸ்திரிக்கு ஒரு சபாஷ் போடத்தான் வேண்டும். ஆனாலும் படத்தின் ஓட்டம் என்ன? ரயில் ஓடுகிறது, நாடு நீள்கிறது, இத்தனை விதமான குரல்களா என்று பார்க்கிறவருக்குப் பெருமிதம் பொங்குகிறது. சலித்துக்கொள்ளும் குரலும் கடைசியில் தேசத்தின் பன்முகத்தன்மைக்கு ஒரு சான்றிதழ் ஆகிவிடுகிறது.

கிண்டல் பொருளின் மேலேயே விழுந்தால் எப்படி இருக்கும்? இரண்டு உதாரணம். பிரான்ஸில் பெஷினே என்ற கம்பெனி பிளாஸ்டிக்கைப் புகழ்ந்து ஒரு படம் எடுத்துத்தரச் சொல்லி அலென் ரெனேயிடம் கொடுக்கிறது. 1958-ல் வந்த 'ல ஷான் து ஸ்டிரீன்' அதுதான். ரெனே என்ன செய்தார்? வர்ணனையை ரேமோன் கெனோவிடம் கொடுத்து, பழைய செவ்வியல் நாடகங்களில் வரும் பன்னிரண்டசைச் செய்யுளில் எழுதி வாங்கினார். ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஆரம்பித்து அது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கிப் போகும் படம். அகன்ற திரை, கண்ணைப் பறிக்கும் வண்ணம், காவிய நடையில் பாலிஸ்டைரீன். திட்டி ஒரு வார்த்தை இல்லை. அளவுக்கு மீறிப் புகழ்ந்தே பக்தியின் அபத்தத்தை அம்பலப்படுத்துகிறார். நம்மூரில் இதற்கு வஞ்சப்புகழ்ச்சி என்று பள்ளிக்கூடத்திலேயே பெயர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். காசு கம்பெனியுடையது என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

இன்னொன்று யுகோஸ்லாவியா. துஷான் மகவேயெவின் 'மனிதன் பறவை அல்ல' (1965). போர் என்ற செம்புச் சுரங்க ஊர். இயந்திரங்களை நிறுவுவதில் கெட்டிக்காரரான ஒரு பொறியாளர் வேலையைச் சொன்ன தேதிக்கு முன்பே முடித்துக்கொடுக்கிறார். தொழிற்சாலைக்குள்ளேயே பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனி வைத்து அவருக்குப் பதக்கம் தருகிறார்கள். அந்த நேரத்தில் அவர் காதலி ஒரு லாரி டிரைவரோடு இருக்கிறாள். முடிந்தது கதை. சுரங்கம் தாமதம் இல்லை, திட்டம் தோல்வி இல்லை. எல்லாம் வெற்றிகரமாக நடந்தது. அந்த வெற்றிதான் கேலிக்கூத்து. ஒரு கட்சி ஆட்சி நடந்த நாட்டில், அரசு ஸ்டூடியோவில் எடுத்த படம் இது. 'அரசாங்க வேலையில் இருந்துகொண்டு அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும்' என்று பெடர் ரோட்டுக்காரர்களுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

இந்தியாவில் வெற்றிகரமான அபத்தத்துக்குப் பஞ்சமா என்ன! 1959 டிசம்பர் 6. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்தின் பாஞ்செட் அணை திறப்பு விழா. நேரு வருகிறார். அணை கட்டிய தொழிலாளி ஒருவரே திறக்கட்டும் என்று முடிவாகிறது. புத்னி மெஜான் என்ற 15 வயது சாந்தால் பெண் பொத்தானை அமுக்குகிறாள். அருமையான காட்சி. பத்திரிகையில் படம் வந்தது. எந்த நியூஸ் ரீலுக்கும் இதைவிட நல்ல முடிவு கிடையாது. பழங்குடிப் பெண், நவீன இயந்திரம், பிரதமரின் புன்னகை.

ரீல் முடிந்தபிறகு நடந்ததைக் கேளுங்கள். விழாவில் மாலை மரியாதை நடந்ததால் அவளுக்கும் நேருவுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, அவரோ நம் சாதி இல்லை என்று சொல்லி ஊர் அவளைத் தள்ளிவைத்தது. 1962-ல் கழகம் வேலையை விட்டும் அனுப்பிவிட்டது. ராஜீவ் காந்தி காலத்தில்தான் வேலை திரும்பக் கிடைத்தது. 2023 நவம்பரில் அவர் இறந்துபோனார். இதைக் கேட்டுவிட்டு 'பாவம், ஊர்க்காரர்களின் மூடநம்பிக்கை' என்று தலையாட்டுகிறவர்கள் ஒரு நிமிடம் நிற்கவேண்டும். அணையைக் கோயில் என்று சொன்னது சாந்தால் கிராமமா? பக்ராவைப் பார்த்துக் கோயில் என்று சொன்னது நேரு. கோயில் என்றால் திறப்புவிழா கும்பாபிஷேகம். கும்பாபிஷேகத்தில் மாலை விழுந்தால் அதற்கு ஒரு அர்த்தம் இருக்கத்தானே செய்யும்? இரண்டு தரப்பும் சடங்கைத்தான் நம்பின. ஒரு தரப்பின் சடங்குக்கு மட்டும் சினிமா யூனிட் இருந்தது.

இதைவிட அப்பட்டமான நையாண்டி எந்தப் பரிசோதனை சினிமாக்காரரின் எடிட்டிங் மேஜையில் கிடைக்கும்? பொத்தானை அமுக்கும் ஷாட்டையும் வேலைநீக்கக் கடிதத்தையும் அடுத்தடுத்து ஒட்டினால் போதும், வர்ணனையே வேண்டாம். கலகப் பட்டியலில் கொண்டாடப்படுகிற படங்களில் இப்படி ஒருவரை மையத்தில் வைத்த படம் எது? ஹிராகுட் அணைக்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்பினார்கள். கஷ்டப்படத்தான் வேண்டுமென்றால் நாட்டுக்காகக் கஷ்டப்படுங்கள் என்ற பொருளில் 1948-ல் நேரு அந்த ஜனங்களிடமே பேசியிருக்கிறார். கோடையில் தண்ணீர் வற்றும்போது மூழ்கிய கோயில்கள் அங்கே இன்றும் தலைகாட்டும். மேட்டூரில் தண்ணீர் வடிந்தால் நந்தியும் மாதா கோயில் கோபுரமும் தெரியுமே, அதே மாதிரி. கேமராவை ஸ்டாண்டில் நிறுத்தி நாலு மாதம் காத்திருந்தால் போதும், இயற்கையே மான்டாஜ் செய்துகொடுக்கும். அங்கே யார் போனார்கள்?

வேடிக்கை என்னவென்றால், சந்தேகம் நேருவுக்கே வந்துவிட்டது. 1958 நவம்பரில் பாசன, மின் வாரியக் கூட்டத்தில் பேசும்போது, பிரம்மாண்டமாகக் கட்டும் மோகம் ஒரு நோய் மாதிரி நம்மைப் பிடித்திருக்கிறது என்று சொன்னார். பூசாரியே கோயிலைச் சந்தேகப்பட்டுப் பத்து வருடம் ஆனபிறகும் கலகக்காரர்கள் கோயிலுக்கு வெளியே செருப்பைத்தான் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். உள்ளடக்கத்தை விடுங்கள், வடிவம்தான் கலகம் என்பார்கள். பதியின் 'எக்ஸ்ப்ளோரர்' படத்தைத்தான் முதலில் எடுத்து வைப்பார்கள். ஏழு நிமிடம், கறுப்பு வெள்ளை, ஒரு வசனம் கிடையாது. ஆடும் இளசுகள், ஆய்வுக்கூடம், தெய்வ உருவங்கள், விஜய் ராகவ் ராவின் வினோதமான ஒலிகள் எல்லாம் கண்ணில் மின்னல் வெட்டுகிற மாதிரி வந்துபோகும். சும்மா சொல்லக்கூடாது, இந்த ஒரு படத்துக்கு மட்டும் பாதி மதிப்பெண் தந்தாகவேண்டும். சாமியும் சயின்ஸும் இதில் ஒரே தாளத்துக்கு ஆடுகின்றன. இரண்டும் ஒரே மாதிரி மயக்கம்தானோ என்று ஒரு கணம் தோன்றுகிறது. அந்த ஒரு கணத்தில் படம் நிஜமாகவே ஆபத்தான இடத்துக்குப் போய்விடுகிறது. ஆனால் நிற்பதில்லை. வேகம் அதைக் கடத்திக்கொண்டு போய்விடுகிறது.

அந்த வேகம் யாருக்கு வேண்டுமானாலும் வேலை செய்யும் என்பதற்கு பதியே சாட்சி. ஆட்களையே பொம்மை மாதிரி ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் படமெடுக்கும் அதே குறும்பு உத்தியில் குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் படம் எடுத்தார். 'கிளாக்ஸ்ப்ளோஷன்', 'சிக்ஸ் ஃபைவ் ஃபோர் த்ரீ டூ', இரண்டுமே 1968. ரசிக்கத்தக்க குட்டிப்படங்கள், சிரிப்பும் வரும். மனிதர்கள் எண்களாகக் குறைந்துகொண்டே வருவது அங்கே ஜோக். 1976-77-ல் எண் ஜோக்காக இல்லை. இலக்கு நிர்ணயித்து, ஆள் பிடித்து, 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை ஆபரேஷன்கள் அந்த ஒரே ஆண்டில் நடந்தன. அதற்கு பதி காரணம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவர் 1975-லேயே இறந்துவிட்டார். ஜனங்களை நகர்த்தி வைக்கக்கூடிய பொம்மைகளாகப் பார்க்கும் கண் யாருடையது என்பதுதான் கேள்வி. அது திட்டக் கமிஷனின் கண். வடிவம் எவ்வளவு புதுசாக இருந்தால் என்ன?

அடுத்து நெருக்கடி நிலை. இந்த இடத்தில் விழா கேட்லாக்குகளுக்குச் சட்டென்று தொண்டை கட்டிக்கொள்ளும். 1965-ல் சுக்தேவ் எடுத்த படத்தின் பெயர் 'அண்ட் மைல்ஸ் டு கோ'. பத்து வருடம் கழித்து சாஸ்திரி எடுத்த படத்தின் பெயர் 'வி ஹேவ் பிராமிசஸ் டு கீப்'. இரண்டு தலைப்பும் ராபர்ட் ஃப்ராஸ்டின் ஒரே கவிதையின் ஒரே கண்ணியிலிருந்து வந்தவை. நேரு கடைசிக் காலத்தில் கைப்பட எழுதி மேஜையில் வைத்திருந்தது அந்தக் கண்ணிதான். 1965-ல் அது ஏற்றத்தாழ்வைப் பார்த்துக் கோபப்பட்ட படத்துக்குப் பெயராக இருந்தது. 1975-ல் நெருக்கடி நிலைக்குக் கொடி பிடித்த படத்துக்குப் பெயரானது. 1976-ல் சுக்தேவும் 'தண்டர் ஆஃப் ஃப்ரீடம்' எடுத்து நெருக்கடி நிலையின் சாதனைகளைப் பாடினார்.

'மிரட்டியிருப்பார்கள், பாவம்' என்பது சுலபமான விளக்கம். அவர்களது பழைய படங்களை மறுபடி பார்த்தால் மிரட்டலே தேவைப்பட்டிருக்காது என்று தோன்றும். வளர்ச்சி தாமதமாகிறது, சோம்பேறி அதிகாரிகள், ஒழுங்கில்லாத கூட்டம் என்பதுதான் எட்டு வருடமாக அவர்கள் செய்த கிண்டல். 1975-ல் ஒருவர் வந்து ரயில் நேரத்துக்கு ஓடும், கூட்டம் ஒழுங்காக நிற்கும் என்றால்? பஸ் லேட் என்று திட்டியவன் ஏறி உட்கார்ந்துவிட்டான், அவ்வளவுதான்.

ஃபிலிம்ஸ் டிவிஷனுக்குள் இருந்து இந்த நம்பிக்கையின் அடிமடியிலேயே கைவைத்த படம் எடுக்கவே முடியாதா? முடியும். மணி கௌலின் 'அரைவல்' (1980). பம்பாய்க்கு ஆடுகளும் காய்கறியும் மீனும் வந்து இறங்குகிற மாதிரியே ஆட்களும் வந்து இறங்குகிறார்கள். நகரம் எல்லாவற்றையும் ஒரே வாயால் தின்கிறது. குடிசை, வெட்டு, மாடி வீடு கிடையாது. பின்தங்கியவர், முன்னேறியவர் கிடையாது. அந்த நகரத்தை ஓட்டும் எரிபொருளே வந்து இறங்குகிறவர்களின் உடம்புதான் என்று அவசரப்படாமல் காட்டிவிட்டுப் போகிறது. (ஓவியர் தையப் மேத்தா பாந்த்ரா ஆட்டுத்தொட்டியில் எடுத்த படத்துக்கு வைத்த பெயர் 'கூடல்'. தமிழ்ச் சொல்லேதான். அதுவும் ஃபிலிம்ஸ் டிவிஷன் படம். அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) கௌல் படத்தில் சிரிப்பு வராது. அதனாலோ என்னவோ 'கலகக்காரர்கள்' பட்டியலில் அதற்குக் கடைசி பெஞ்ச்.

ஃபிலிம்ஸ் டிவிஷன் என்ற தனி நிறுவனம் இப்போது இல்லை. 2022-ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு சேர்த்துவிட்டார்கள். படங்கள் இருக்கின்றன. ரெட்ராஸ்பெக்டிவ்களும் நடக்கும், நடக்கட்டும். போடுகிறவர்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. 'இந்தியா 67' போடுகிற அதே மாலையில் 'தண்டர் ஆஃப் ஃப்ரீடம்' படத்தையும் போடுங்கள். 'ஐ ஆம் ட்வென்டி' முடிந்ததும் 'வி ஹேவ் பிராமிசஸ் டு கீப்'. நடுவில் ஐந்து நிமிடம் பாஞ்செட் அணையின் அந்தப் பொத்தான் புகைப்படம் மட்டும் திரையில் நிற்கட்டும், சத்தம் எதுவும் வேண்டாம். கடைசியில் 'அரைவல்'. வெளியே போய் டீ குடிக்க நினைக்கிறவர்கள் குடித்துவிட்டு வரட்டும், இந்தத் தடவை கதவைச் சாத்த வேண்டாம்.